பழைய ஸ்கைரிமுக்குத் திரும்பலாமா? முடிவெடுக்க மூன்று சாயங்காலங்கள்

என் சித்தி மகன் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறான். போன ஐப்பசியில் மலையில் மூன்று நாளாக மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இரவு ஒன்பது மணிக்கு என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணா, ஸ்கைரிமை மறுபடியும் விளையாடலாம் என்று பார்க்கிறேன். அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் இன்னும் உங்களிடம் இருக்கிறதா?"

"இருக்கிறது. முதலில் ஒன்று சொல். அந்த விளையாட்டில் உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது?"

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. "டிராகன் வரும்" என்றான். "குதிரை செங்குத்துப் பாறையில் பல்லி மாதிரி ஏறும்." இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மாப்பேட்டை வீட்டில் நாம் இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்போம்" என்றான்.

மூன்றாவதாகச் சொன்னது விளையாட்டில் இல்லை. எத்தனை ஜிபி பதிவிறக்கினாலும் வராது. ஆனால் பழைய விளையாட்டுக்குத் திரும்புகிற பலர் அதைத் தேடித்தான் போகிறார்கள். இரண்டு மணி நேரம் துழாவியும் கிடைக்கவில்லை என்றதும், கிராபிக்ஸ் பழசாகிவிட்டது என்று விளையாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டு 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்தது. பெதஸ்டா நிறுவனத்தின் எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் ஐந்தாவது. பனி மூடிய ஒரு வடநாட்டில் எந்தத் திசையிலும் நடக்கலாம், எந்தத் தொழிலும் செய்யலாம், கதையைக் கண்டுகொள்ளாமலே நூறு மணி நேரம் கழிக்கலாம். கல்லூரிக் காலத்தில் விளையாடி மறந்தவர்களுக்கும், தள்ளுபடியில் வாங்கிப் பாதியில் விட்டவர்களுக்கும், திரும்பிப் போவதா வேண்டாமா என்று தீர்மானிக்க நான் கையாளும் முறை இது. மற்றப் பழைய திறந்த உலக விளையாட்டுகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் ஒரு தாள்

எதையும் பதிவிறக்காதீர்கள். யூடியூப் பக்கமும் போகாதீர்கள். பிறர் விளையாடியதைப் பார்த்தால் உங்கள் ஞாபகமும் அவர்களுடையதும் கலந்துவிடும். ஒரு தாளில் அந்த விளையாட்டைப் பற்றி நினைவில் நிற்கும் பத்து விஷயங்களை எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் வழி, கதை, வீடு என்ற மூன்று சொற்களில் ஒன்றை எழுதுங்கள்.

ஓர் ஆற்றங்கரை, ஒரு கணவாய், பனிமூட்டத்தில் திடீரென்று தெரிந்த கோபுரம் எல்லாம் வழி. யார் யாரைக் கொன்றார், முடிவில் என்ன ஆயிற்று, எந்த வாள் கிடைத்தது என்பதெல்லாம் கதை. பக்கத்தில் யார் இருந்தார்கள், என்ன சாப்பிட்டோம், எப்போது கரண்ட் போயிற்று என்பது வீடு.

2012இல் எங்களைப் போலச் சேலத்தில் இருந்தவர்களுக்கு இந்த மூன்றாவது வகை நிறையவே வரும். ஒரு நாளில் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகமாக இருந்த மாதங்கள் அந்த ஆண்டில் உண்டு. கரண்ட் வந்ததும் ஓடிப்போய் உட்காருவோம். குகைக்குள் நுழைந்து பெட்டியைத் திறக்கும் நேரத்தில் பொசுக்கென்று அணையும். எங்கள் வீட்டில் யு.பி.எஸ். இல்லை. எஃப்5 பொத்தானை அழுத்தினால் அந்த இடத்திலேயே சேமித்துக்கொள்ளும் என்பதை நான் கற்றுக்கொண்டது அப்படித்தான். இன்று மலையில் இருப்பவர்களுக்கும் அது உதவும்.

என் தாளில் ஏழு வழி, ஒரு கதை, இரண்டு வீடு. தம்பியின் தாளில் ஆறு கதை, மூன்று வீடு, ஒரே ஒரு வழி. அந்தக் குதிரையைத்தான் வழியில் சேர்த்திருந்தான்.

வழி பாதிக்கு மேல் இருந்தால் அடுத்த படிக்குப் போங்கள். கதைதான் அதிகம் என்றால் எனக்குத் தயக்கம். உலகத்தை விழுங்க வரும் ஒரு டிராகன், அதைக் கொல்லப் பிறந்த நீங்கள் என்பதுதான் ஸ்கைரிமின் முதன்மைக் கதை. முதல் தடவைக்கே அது சுமார். இரண்டாம் தடவை, வசனத்தைத் தாண்டிவிடக் கை பரபரக்கும். வழி அப்படியல்ல. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பலகையில் எண் போட்டிருப்பதால் அடுத்து எந்த வளைவு என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் ஜன்னலோர இருக்கைக்கு ஏன் அடித்துக்கொள்கிறோம்?

வீடு அதிகம் என்றால் விளையாட்டை விட்டுவிட்டு அந்த ஆளுக்கு ஒரு போன் போடுங்கள்.

எந்தப் பதிப்பு, எந்த இயந்திரம்

ஒரே விளையாட்டு மூன்று பெயரில் இருப்பது புதியவர்களைக் குழப்பும். 2011இல் வந்தது முதல் பதிப்பு. அது 32 பிட் நிரல். கணினியில் எவ்வளவு ரேம் இருந்தாலும் 4 ஜிபிக்கு மேல் அதற்கு எட்டாது. 2016 அக்டோபரில் வந்த ஸ்பெஷல் எடிஷன் 64 பிட். அதனால் தள்ளாடாமல் ஓடும். 2021 நவம்பரில் வந்த ஆனிவர்சரி எடிஷன் என்பது ஸ்பெஷல் எடிஷனின் மேல் கூடுதல் சரக்கை ஏற்றியது. சோதித்துப் பார்ப்பவருக்கு ஸ்பெஷல் எடிஷன் தாராளமாகப் போதும்.

காசு கொடுப்பதற்கு முன், ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் உள்ள உங்கள் பழைய கணக்கைத் திறந்து பாருங்கள். முதல் பதிப்பையும் அதன் மூன்று விரிவாக்கங்களையும் 2016 அக்டோபருக்கு முன்பே வாங்கி வைத்திருந்தவர்களுக்கு ஸ்பெஷல் எடிஷன் இலவசமாகக் கொடுக்கப்பட்டது. அது தங்கள் கணக்கில் கிடப்பது தெரியாமல் மறுபடியும் வாங்க நினைப்பவர்கள் உண்டு. நானும் கிட்டத்தட்ட வாங்கிவிட்டேன்.

இயந்திரத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். 8 ஜிபி ரேம், 12 ஜிபி காலியிடம், சுமாரான ஒரு கிராபிக்ஸ் கார்டு இருந்தால் ஓடும். மலையில் மொபைல் டேட்டாவை நம்பி இருப்பவர்கள் சேலத்தில் யாராவது வீட்டில் இறக்கி, ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துப் போகலாம். ஸ்டீமில் ஆஃப்லைன் முறை இருப்பதால் பிறகு இணையம் பெரும்பாலும் தேவைப்படாது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த விளையாட்டில் பொருள்கள் விழுவதும் உருள்வதும் திரையின் வேகத்தோடு கட்டப்பட்டவை. நொடிக்கு 60 படத்துக்கு மேல் ஓடவிட்டால் மேசைமேல் இருக்கும் தட்டும் கோப்பையும் தாமாகவே எகிறும். புதிய லேப்டாப்களில் 120, 144 என்று ஓடும் திரைகள் வருகின்றன. கிராபிக்ஸ் கார்டின் அமைப்புகளுக்குள் போய் 60 என்று கட்டிவிடுங்கள். இதைச் செய்யாமல் தொடங்கியவர்களின் மாட்டுவண்டி, மன்னிக்கவும், குதிரைவண்டி, முதல் காட்சியிலேயே அந்தரத்தில் கரணம் அடித்ததுண்டு.

அந்த வண்டிக்கு இன்னொரு பூர்வகதையும் உண்டு. உருவாக்கக் குழுவில் கலைஞராக இருந்த நேட் பர்க்கிபைல் 2021இல் சொன்னது. தயாரிப்பின்போது அந்த வண்டி சில சமயம் காரணமே தெரியாமல் ஆகாயத்தில் பறந்திருக்கிறது. தேடித் தேடிப் பார்த்ததில் காரணம் ஒரு தேனீ. தேனீயைக் கையில் பிடிக்க முடியவில்லை என்ற வேறொரு பிழையைச் சரிசெய்யப் போய், எது மோதினாலும் நகராத பொருளாக அதை மாற்றிவிட்டார்கள். குறுக்கே பறந்த தேனீயில் வண்டி இடித்தது. தூக்கி எறியப்பட்டது வண்டிதான்.

மூன்று சாயங்காலங்கள்

ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம். அதற்கு மேல் வேண்டாம், ஆசையாக இருந்தாலும். வெவ்வேறு நாள்களில் செய்யுங்கள். கீபோர்டுக்குப் பக்கத்தில் தட்டுவடை செட் வேண்டாம். பீட்ரூட் துருவல் விசைகளுக்கு நடுவில் போனால் திரும்ப வராது.

முதல் சாயங்காலம் புதிதாக ஓர் ஆளை உருவாக்கித் தொடங்குங்கள். ஹெல்கன் ஊரில் தலை வெட்டப்படப் போவதும் டிராகன் வருவதும் தப்பிப்பதுமாக அரை மணி நேரம் போகும். தாண்ட வழியில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். குகையை விட்டு வெளியே வந்ததும் உடன் வந்தவன், வா வா என்று முன்னே ஓடுவான். அவனை ஓடவிடுங்கள். உங்கள் பணிக்குறிப்பைத் திறந்து, அதில் தேர்வாகியிருக்கும் பணியைத் தேர்வு நீக்குங்கள். திசைகாட்டியில் உங்களைப் பிடித்து இழுக்கும் அம்பு மறைந்துவிடும். இனி நடங்கள். சரிவில் இறங்கினால் பாதையோரம் மூன்று நடுகற்கள் நிற்கும். கீழே ஆறு. எதிர்மலையில் விலா எலும்பு மாதிரி கல் வளைவுகள் தெரியும். அங்கே போகத் தோன்றுகிறதா, ஆற்றோரம் போகத் தோன்றுகிறதா, அல்லது எதுவுமே தோன்றாமல் கொட்டாவி வருகிறதா? தாளில் குறித்துவிட்டு மூடுங்கள்.

இரண்டாம் சாயங்காலம் பழைய சேவ், அதாவது அன்று சேமித்து வைத்த ஆட்டம். முதல் நாளே இதைத் திறந்தால் பழைய செல்வம் கண்ணை மறைத்துவிடும் என்பதால்தான் இரண்டாம் நாளுக்குத் தள்ளினேன். டாக்குமென்ட்ஸ் கோப்புறைக்குள் மை கேம்ஸ், அதற்குள் ஸ்கைரிம், அதற்குள் சேவ்ஸ். அங்கே இருப்பதைப் பிரதி எடுத்து ஸ்பெஷல் எடிஷனின் சேவ்ஸ் கோப்புறையில் போட்டால் பெரும்பாலும் திறக்கும். மாட்கள் (விளையாட்டை மாற்ற ரசிகர்கள் செய்த ஒட்டுகள்) போட்டு விளையாடிய சேவ் என்றால் நம்ப வேண்டாம்.

என்னுடையது 2013 ஜனவரியில் நிறுத்தியது. திறந்தபோது வைட்ரன் நகரத்தில் ஐயாயிரம் பொன் கொடுத்து வாங்கிய சின்ன வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தேன். மூட்டை அளவுக்கு மீறிய கனம். ஓட முடியவில்லை, ஊர்ந்துதான் போக முடிந்தது. பையைத் திறந்தால் முப்பத்தெட்டு முட்டைக்கோஸ். எதற்கு? பணிக்குறிப்பில் பாதியில் நின்ற வேலைகள் இரண்டு பக்கம். கொடுத்தவர்களில் ஒருவர் பெயர்கூட ஞாபகம் இல்லை. அப்போது மாடிப்படியில் இறங்கி வந்த ஒரு பெண் என்னைப் பார்த்து அன்பாகப் பேசினாள். யசோல்டா. எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அது அடியோடு மறந்துபோயிருந்தது. ஸ்கைரிமில் மனைவி கடை நடத்தி நாளுக்கு நூறு பொன் பங்கு தருவாள். பத்து வருடத்து லாபம் சேர்ந்திருக்கும் என்று ஆவலோடு கேட்டேன். அவள் கணக்கில் நான் விட்டுப் போய் ஒரு நாள்கூட ஆகவில்லை.

சிரித்து முடித்ததும் செய்ய வேண்டிய வேலை இது: வரைபடத்தைத் திறந்து, நீங்கள் கால் வைக்காத இடங்களைப் பாருங்கள். என் வரைபடத்தில் வடகிழக்குப் பக்கம் முழுவதும் வெறுமை. டிராகன்பார்ன் விரிவாக்கம் கணினிக்கு வந்தது 2013 பிப்ரவரியில். நான் அதற்கு முன்பே நிறுத்திவிட்டேன். விண்ட்ஹெல்ம் துறைமுகத்திலிருந்து கப்பலேறி சோல்ஸ்தைம் என்ற சாம்பல் படிந்த தீவுக்குப் போகும் பயணம் எனக்கு மிச்சமிருந்தது. திரும்புவதற்கு இதைவிட நேர்மையான காரணம் கிடையாது. ஆனாலும் பழைய சேவிலிருந்தே தொடர வேண்டாம் என்பது என் கட்சி. அந்த முட்டைக்கோஸ்களை வாங்கியவன் நான் அல்ல.

மூன்றாம் சாயங்காலம் மலை ஏறுங்கள். முதல் நாள் ஆளோடு, ஹெல்கனிலிருந்து கிழக்கே மலையைச் சுற்றிப் போனால் ஐவர்ஸ்டெட் என்ற சிற்றூர் வரும். அங்கிருந்து ஏழாயிரம் படிகள். பெயர்தான் ஏழாயிரம்; எண்ணினால் ஆயிரம்கூடத் தேறாது. கதை உங்களை அழைக்கும் வரை காத்திருக்க வேண்டாம், படியை யாரும் மறிப்பதில்லை. ஊரில் கிளிமெக் என்ற ஆள், மேலே மடத்தில் இருக்கும் துறவிகளுக்கு உணவு மூட்டை சுமந்து சுமந்து முழங்கால் தேய்ந்து நிற்கிறார். அவர் மூட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். பாதி வழிக்கு மேல் காற்றின் சத்தம் மாறும். பனி கண்ணை மறைக்கும். பாறை இடுக்கில் ஒரு பனி ராட்சதன் உட்கார்ந்திருக்கும். புது ஆளை ஓரிரு அடியில் சாய்த்துவிடும். அதற்கு நெருப்பு ஆகாது. கையிலிருந்து தீ கக்கும் மந்திரம் தொடக்கத்திலிருந்தே எல்லா ஆளுக்கும் தெரியும். தீயைக் கக்கிக்கொண்டே பின்வாங்குங்கள். முடியவில்லையென்றால் ஓடிப்போய் மேலே ஏறிவிடுங்கள், வெட்கமில்லை.

உச்சியில் மடத்தின் வாசலில் உள்ள பெட்டியில் மூட்டையை வைத்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். ஏற்காட்டில் பகோடா பாயிண்ட்டில் நின்று கீழே சமவெளியைப் பார்க்கும்போது ஒரு நிமிடம் யாரும் பேசாமல் இருப்பார்களே, அப்படி இருந்தால் உங்களுக்கு இன்னும் நூறு மணி நேரம் இங்கே வேலை இருக்கிறது. அதற்குப் பதிலாக, வரைபடத்தைத் திறந்து ஒரே தாவலில் ஊர் போய்ச் சேரலாமா என்று விரல் துடித்திருந்தால், அழித்துவிடுங்கள். சேவ்ஸ் கோப்புறையை மட்டும் எங்காவது பத்திரமாகப் போட்டு வையுங்கள்; அது இடத்தை அடைக்காது.

திரும்புவது என்று ஆனால், குப்பனூர் வழி

ஏற்காட்டுக்குச் சேலம் அடிவாரம் வழியாக மட்டும்தான் போக முடியும் என்று பல வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். குப்பனூர் பக்கமிருந்தும் ஒரு மலைப்பாதை உண்டு. மலை அதே மலைதான், வேறு முகம். அதுபோல, போன தடவை எப்படி விளையாடினீர்களோ அதை இந்தத் தடவை தடை செய்யுங்கள். ஸ்கைரிமில் எப்படித் தொடங்கினாலும் கடைசியில் எல்லாரும் இருட்டில் பதுங்கி வில் எய்பவர்களாகவே முடிகிறார்கள். அவ்வளவு சுலபம் அது. ஆகவே வில்லைத் தொடாதீர்கள். ஸ்பெஷல் எடிஷன் வைத்திருப்பவர்களுக்கு 2021இல் இலவசமாக வந்த சர்வைவல் முறையைப் போட்டுக்கொள்ளுங்கள். பசிக்கும், குளிரும், தூக்கம் வரும், வரைபடத்தில் தாவவும் முடியாது. ஊருக்கு வெளியே கட்டணத்துக்கு நிற்கும் குதிரைவண்டியின் அருமை அப்போதுதான் தெரியும்.

மாட்களைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். முதல் மாதம் வேண்டாம். தம்பி முன்பு ஒரு தடவை எட்டு நாள் உட்கார்ந்து நூற்றுச் சொச்சம் மாட்களைக் கோத்தான். விளையாடியது நாற்பது நிமிடம். மரத்தின் பட்டை மிக அழகாக இருந்தது என்றான். அப்படியும் வேண்டும் என்பவர்கள், பிழைகளைச் சரிசெய்யும் அதிகாரப்பூர்வமற்ற தொகுப்பு ஒன்றோடு நிறுத்துங்கள். ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் என்ற துணை நிரல் தேவைப்படும் மாட் என்றால், அந்த நிரல் விளையாட்டின் பதிப்பு எண்ணோடு துல்லியமாகப் பொருந்த வேண்டும். விளையாட்டு தானாகப் புதுப்பித்துக்கொண்டால் காலையில் எதுவும் திறக்காது. ஸ்டீமில், நான் திறக்கும்போது மட்டும் புதுப்பி என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

வேறு விளையாட்டுகள் என்றால்

தி விட்சர் 3 (2015) கதைக்காரர்களின் விளையாட்டு. அதில் தாளில் கதை அதிகம் வந்தாலும் தைரியமாகத் திரும்பலாம், ஏனென்றால் அங்கே கதை நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. 2015 அக்டோபரிலும் 2016 மே மாதத்திலும் வந்த இரண்டு விரிவாக்கங்களை விளையாடவில்லையென்றால் யோசிக்கவே வேண்டாம்.

ஆப்லிவியன் (2006) பழைய வடிவில் ஒரு சங்கடம் தரும்: நீங்கள் வளர வளர ஊரே உங்களோடு வளரும். வழிப்பறிக்காரன்கூட விலைமதிப்பில்லாத கவசம் மாட்டிக்கொண்டு உங்களிடம் சில்லறை கேட்பான். 2025 ஏப்ரலில் அதன் புதுப்பிக்கப்பட்ட வடிவம் வந்தது. ஆனால் 16 ஜிபி ரேமும் 125 ஜிபி இடமும் கேட்கிறது. பழைய லேப்டாப்காரர்கள் அதை மறந்துவிடலாம்.

மாரோவிண்ட் (2002) தனி ரகம். வழிகாட்டும் அம்பு கிடையாது. ஆற்றைத் தாண்டி, இரட்டைப் பாறைக்கு வடக்கே, ஒற்றை மரத்தில் கிழக்கே திரும்பு என்று வாயால்தான் வழி சொல்வார்கள். தோட்டத்துக் காவல்காரரிடம் வழி கேட்டவர்களுக்கு இது பழகியதுதான்: சில்வர் ஓக் வரிசை முடிகிற இடத்தில் இடது பக்கம், நாய் குரைத்தால் தப்பான வீடு. அசல் விளையாட்டை வாங்கி, அதன் கோப்புகளை ஓபன்எம்டபிள்யூ என்ற இலவச இயங்குபொறியில் ஓட்டினால் இன்றைய கணினியிலும் சுத்தமாக ஓடும். புதியவர்களை விரட்டுவது அதன் சண்டைதான். வாள் எதிரியின் உடம்புக்குள் புகுந்து போவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் அடி விழாது. அடி படுவதை உள்ளே ஒரு தாயக்கட்டை தீர்மானிக்கிறது. உங்கள் திறமையும் களைப்பும் அதில் சேரும். மூச்சிரைக்க ஓடிவந்து வீசினால் பத்தில் ஒன்றுகூடப் படாது.

தம்பி ஸ்கைரிமுக்குத் திரும்பவில்லை. இரண்டாம் சாயங்காலத்திலேயே விட்டுவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அம்மாப்பேட்டைக்கு வந்து, மத்தியானம் வரை என் பக்கத்தில் உட்கார்ந்து நான் படி ஏறுவதை வேடிக்கை பார்த்தான். நாற்காலி இப்போது இருவரைத் தாங்காது. முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டான். போகும்போது அவன் இதுவரை தொட்டே பார்க்காத மாரோவிண்டை டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு போனான்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டான்.

"அண்ணா, ஒரு நண்டை அரை மணி நேரமாகக் குத்துகிறேன், குத்து படவே மாட்டேன் என்கிறது."

"ஓடிப் போய்க் குத்தாதே. நின்று மூச்சு வாங்கிவிட்டுக் குத்து."